பொன்னுருவி வருவதற்குள் கூத்தை நிறுத்தாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை வட்டாரங்களில் இலக்கிய விழாக்களும் புத்தகத் திருவிழாக்களும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் நம் பக்கத்தில் நடந்த ஓர் இலக்கிய விழாவின் கடைசி நாள் இரவு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். அழைப்பிதழில் ‘இரவு 7 மணி, கர்ண மோட்சம், தெருக்கூத்து’ என்று அச்சாகியிருந்தது. களரி கட்ட, அதாவது கூத்தைத் தொடங்கிவைக்க, மிருதங்கம் முழங்கியபோது மணி 8.50. 9.25க்கு மேடையோரமாக ஒருவர் வந்து கையசைத்தார். அப்போதுதான் கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடும் விருத்தத்தை முடித்து, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரனிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். கூத்து அதோடு முடிந்தது. சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள்.

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துக்கொண்டு போயிருப்போம். நாலைந்து வருடங்களாக, எந்த ஊர் இலக்கிய மேடையானாலும் கூத்துக்கு இதே கதிதான். அதனால் இந்த மடல். கேட்பது ஒன்றுதான். கூத்து ஜமாவை, அதாவது குழுவை, அழைத்தால் அதற்கென்று ஒரு மாலைப்பொழுதை முழுதாக விடுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். கூத்துக்கு முன்னால் உரை வேண்டாம், நடுவில் நிறுத்த வேண்டாம். அதற்கு வசதிப்படாத வருடம் அழைக்காமல் இருங்கள், வருத்தப்பட மாட்டோம்.

வேஷம் கட்டுவது என்றால் என்ன என்று அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். முதலில் முகம். முத்துவெள்ளை, அரிதாரம், சிவப்பு, மை எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் குழைத்து அடிப்பூச்சுப் போட்டு, அது பிடித்த பிறகு மீசையும் புருவமும் எழுதி, ஈர்க்குச்சி முனையால் ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டும். ராஜ வேஷத்துக்கு முகம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு காலில் துணியைச் சுற்றி அதன்மேல் சலங்கை. இடுப்பைச் சுற்றி வைக்கோல் பிரியோ மடித்த பழைய புடவையோ கட்டி, அது எடுத்துக்காட்டும்படி மேலே பாவாடை. மார்ப்பதக்கம், புஜக்கட்டை, கடைசியில் கிரீடம். இவற்றைக் கல்யாண முருங்கை மரத்தில் செய்வதே எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். கட்டை எவ்வளவு லேசாக இருந்தாலும் ஆடுகிறவர் சுழன்று வரும்போது நழுவாமல் இருக்க முடிச்சை இறுக்கித்தான் போட வேண்டும். கிரீடத்துக்கு நெற்றியைச் சுற்றித் துணி வரிந்து கட்டுவார்கள். கால் மணி நேரம் போனால் பொட்டில் ரத்தம் துடிப்பது தெரியும். அதனால் முன்னால் உள்ள வேஷம் களரியில், அதாவது ஆடுகளத்தில், ஆடத் தொடங்கிய பிறகே அடுத்தவருக்குக் கிரீடம் ஏற்றுவது வழக்கம்.

அன்றைக்கு ‘7 மணிக்குத் தயாராக இருங்கள்’ என்று சொன்னதால் 6.45க்கே கர்ண வேஷக்காரருக்குக் கிரீடம் ஏறிவிட்டது. பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக நான்கு பேர் பேசினார்கள். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் முடிச்சை அவிழ்க்கவும் வழியில்லை. இரண்டு மணி நேரம் அவர் மேடைக்குப் பின்னால் நின்றார். இடுப்புக் கட்டோடு கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியாது. சாய ஒரு பெஞ்சு கிடையாது. தண்ணீர் குடிக்கவும் தயங்கினார், ஏனென்றால் அந்த உடுப்போடு போய்வர அங்கே கழிப்பறை இல்லை. வியர்வையில் நெற்றிச் சாயம் உருகிக் கண்ணில் இறங்கியது, துடைத்தால் எழுத்து கலையும். ஒரு பையன் விசிறிக்கொண்டே இருந்தான். மேடையில் அந்நேரம் பேசிக்கொண்டிருந்தவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, மண்ணின் கலைகளைக் காப்பது பற்றி. நல்ல உரை, உண்மையான அக்கறையோடு பேசினார். திரைக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

‘அரை மணி நேரத்தில் சுருக்கமாகச் செய்யச் சொல்லுங்கள்’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். கூத்து ஏன் அப்படிச் சுருங்காது என்பதைக் கொஞ்சம் கேளுங்கள். களரி கட்டி, பிள்ளையார் துதி பாடி, கட்டியக்காரன் வந்து கூட்டத்தைத் தன்வசப்படுத்த இருபது நிமிடமாவது ஆகும். பிறகு இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து தாளமில்லாத விருத்தம், தாளத்தோடு திரைத் தரு. சலங்கை ஒலி மட்டும் முன்னே வரும், ஆள் தெரியாது. திரை விலகியதும் சபையைச் சுற்றி அடவு, பிறகு கட்டியக்காரனின் கேள்விக்குத் தான் யார் என்று வேஷம் சொல்லும் பதில். ஒரு பெரிய வேஷத்தின் வரவுக்கே அரை மணி நேரம் பிடிக்கும். விருத்தத்துக்குப் பின் தரு, தருவுக்குப் பின் கந்தார்த்தம் என்ற பாட்டு, பிறகு வசனம் என்று ஒன்று மற்றொன்றைத் தூக்கிக்கொடுக்கும் அமைப்பு அது. பின்பாட்டுக்காரர் வேஷக்காரரின் கடைசி அடியை வாங்கிப் பாடும் நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்குகிறார். பின்பாட்டை வெட்டச் சொன்னால் ஆடுகிறவரின் மூச்சை வெட்டுகிறீர்கள்.

அன்று கர்ண மோட்சத்தில் எது போனது என்று பாருங்கள். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். தேரோட்டி வீட்டுப் பிள்ளை என்று அவனைத் தாழ்வாக நடத்திவந்தவள் அவள். அந்த வாசலில் நின்றுதான் அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். வியாச பாரதத்தில் பொன்னுருவி இல்லை. பிறப்பை வைத்து மனிதனை அளப்பது பற்றி நம் கிராமத்துக் கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வளர்த்த வாதம் அது. வட ஆற்காட்டில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வீடுகளில், விடியற்காலையில் அந்தக் காட்சிக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டு. சாதியும் இலக்கியமும் பற்றி மூன்று நாள் அமர்வுகள் நடத்திய விழாவில், அதைப் பேச வந்த பாத்திரம் களரியை எட்டவே இல்லை. பொன்னுருவி வேஷம் கட்டியவர் சவுரி வைத்து, நகை பூட்டி, புடவைக் கொசுவத்துக்கு ஊக்குக் குத்தித் தயாராக இருந்தார். திரும்பும் வழியில் வேனிலேயே எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வண்ண விளக்குகளை அணைத்துவிடுங்கள். நீல வெளிச்சத்தில் துரியோதனனின் சிவப்பு முகம் கறுத்துப்போகும், எழுதிய கோடு ஒன்றும் தெரியாது. வெள்ளை விளக்கு இரண்டு பக்கமும் உயரத்தில் இருந்தால் போதும். மார்பில் குத்தும் மைக் வேண்டாம், பதக்கத்தில் இடித்துக் கடகடவென்று சத்தம் வரும். களரிக்கு மேலே தொங்கும் மைக் இரண்டு, ஆர்மோனியத்துக்கும் சிறு நாதசுரம் போன்ற முகவீணைக்கும் சேர்த்து ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. முகவீணையின் ஒலி கூர்மையானது, ஒலிபெருக்கிப் பெட்டியை அதன் எதிரில் வைத்தால் கூவும். மேடைக் கம்பளத்தில் சலங்கை சிக்கிக்கொள்ளும், ஆள் விழுந்தால் முழங்கால் போய்விடும். மேடையே வேண்டாம். பதினெட்டு அடிக்குப் பதினெட்டு அடி மண்தரை, தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தியது, மூன்று பக்கமும் ஜமக்காளம், வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் ஒரு நீளப் பெஞ்சு. இந்தச் செலவு ஒரு பேச்சாளரின் விடுதி அறை வாடகையைத் தாண்டாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழில் பேசுகிறவர் பெயர், வரவேற்கிறவர் பெயர், நன்றி சொல்கிறவர் பெயர் எல்லாம் இருக்கும். கூத்துக்கு நேரே ‘குழுவினர்’ என்று ஒரு சொல். வாத்தியாருக்குப் பெயர் கிடையாதா? இந்தக் கலையின் பெயர் தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்று நாம் பத்திரிகைகளில் எத்தனை பக்கம் வாதாடியிருக்கிறோம்! வட ஆற்காட்டுப் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானை நவீன நாடகக்காரர்கள் தேடிப் போய்க் கற்றார்கள், கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு 1977இல் தொடங்கியது, கூத்திலிருந்து எடுத்துக்கொண்டதில் தமிழ் நாடகம் எவ்வளவோ வளர்ந்தது. எடுத்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, கொடுத்தவரின் பெயரை அச்சிடத் தெரியவில்லை. கிராமத்தில் விடிந்ததும் அங்கேயே பணத்தை எண்ணி ஆளுக்கு ஆள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இலக்கிய விழாவில் காசோலைக்கு மூன்று மாதம் அலைய வேண்டியிருக்கிறது. கோபம் வார்த்தையில் ஏறுகிறது, மன்னியுங்கள். கேட்க வந்தது நேரத்தைப் பற்றி.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று நீங்கள் சொல்வது சரி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. மூடிய அரங்குக்குள் ஒலிப்பதற்கு அதே விதிகளில் விலக்கு உண்டு. பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரவும் இடம் உண்டு. அந்தத் தளர்வுகூடத் தேவைப்படாது. கூத்தைக் கடைசியில் தள்ளாமல் 6 மணிக்கே தொடங்கினால் 9.30க்கு மங்களம் பாடிவிடலாம். பேச்சாளர்கள் மறுநாள் காலையில் பேசட்டும்.

ஆகவே அன்போடு கேட்கிறோம். அடுத்த விழாவில் ஒரு மாலையை, மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், கூத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். பங்குனி, சித்திரையிலிருந்து ஆடி வரை நல்ல ஜமாக்கள் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருப்பார்கள், ஒரு ராத்திரியும் காலி இருக்காது. எனவே அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே வாத்தியாரைப் பார்த்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துவிடுங்கள். எந்தக் கூத்து, எத்தனை வேஷம் என்று அவரிடமே கேளுங்கள். பகல் 2 மணிக்கு அவர்கள் வந்து சேரும்போது சோறு தயாராக இருக்கட்டும். பூட்டுள்ள ஓர் அறை, பெரிய கண்ணாடி, வெள்ளை விளக்கு, இரண்டு பெஞ்சு, பக்கத்திலேயே கழிப்பறை, ஒரு குடம் தண்ணீர். ஜமாவில் உள்ள அத்தனை பேர் பெயரும் அழைப்பிதழில் வரட்டும். பணத்தை அன்று இரவே வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள்.

கூத்தையும் கர்ண மோட்சமாகவே வையுங்கள். அந்த ஜமாவையே திரும்ப அழையுங்கள். பொன்னுருவி வேஷக்காரர் இன்னும் ஆடவில்லை.

மரியாதையுடன்,
வட ஆற்காட்டுக் கூத்து ரசிகர்கள் சிலர்