வீங்கிய கையும் நிணநீரும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. ரேடியேஷன் முடிந்துவிட்டது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. பேரன் செருப்பில்லாமல் ஓடிக் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான். மறுநாளே தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சல் வந்து, ராத்திரி முழுக்க யாரையும் தூங்கவிடவில்லை. இப்போது மறுபடி ஓடுகிறான், அதே வெறுங்காலோடு.

"மார்பில்தானே ஆபரேஷன், கை ஏன் வீங்குகிறது?" என்று கேட்டிருந்தாய். விலங்கியல் வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய், அனுபவி!

ரத்தம் தந்துகிகளில், அதாவது மயிரிழை போன்ற நுண்ணிய ரத்தக் குழாய்களில், ஓடும்போது கொஞ்சம் நீர் திசுக்களுக்குள் கசியும். பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் வெளியே நின்றுவிடுகிறது. ரத்தத்திலிருந்து நழுவிய புரதமும் அதோடு. நம் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவே மொத்தம் 3 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பார். இந்த மிச்சம்தான் நிணநீர். இதை அள்ளி மறுபடி ரத்தத்தில் சேர்க்கத்தான் நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன.

இதில் எனக்கு எப்போதும் பிடித்த விஷயம், இந்த ஓட்டத்துக்கு இதயம் கிடையாது என்பது. குழாயின் சுவர் தானாகச் சுருங்கிக் கொஞ்சம் தள்ளும். மீதியெல்லாம் நாம் நடப்பதிலும் கையை அசைப்பதிலும் மூச்சு இழுப்பதிலும்தான் நகர்கிறது. பின்வாங்காமல் இருக்க வழியெங்கும் வால்வுகள் உண்டு. இடையிடையே நிணநீர் முடிச்சுகள், உடம்பு முழுக்கச் சுமார் 600. கிருமியை நிறுத்திச் சோதிக்கும் செக்போஸ்ட் மாதிரி. பேரனுக்கு இடுக்கில் வீங்கியது அப்படி ஒன்றுதான்.

கையிலிருந்து வரும் குழாய்களும் மார்பகத்திலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவையும் அக்குளில்தான் கூடுகின்றன. புற்றுநோய் அணுக்களும் அதே வழியில் பரவும் என்பதால்தான் உன் அக்குள் முடிச்சுகளை எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான். ஆனால் கைக்கான வடிகாலும் அதோடு போயிற்று. தேங்கிய புரதம் நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பக்கத்து வீட்டம்மா சொன்ன நீர் பிரிகிற மாத்திரை இதற்குச் சரிவராது. நீர் போனாலும் புரதம் அங்கேயே இருக்கும், மறுபடி வீங்கும். உன் நாத்தனார் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதையும் நிறுத்தச் சொல். இந்தக் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன, மெல்லியவை. தோலை மட்டும் லேசாக நகர்த்தும் தடவல்தான் வேண்டும், அதையும் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு.

உனக்கு இடது கை. அந்தப் பக்கத்து நிணநீர், இடது கழுத்தடியில் பெரிய சிரைக்குள் கலக்கிறது. இரண்டு கால், வயிறு, இடது கை, தலையில் இடது பாதி எல்லாவற்றின் நீரும் வந்து சேருவது அங்கேதான். வலது கை, வலது நெஞ்சு, தலையின் வலது பாதி மட்டும் வலப்பக்கம் தனியாகப் போகிறது. சமச்சீரே இல்லாத ஏற்பாடு! குடலிலிருந்து வரும் கொழுப்பும் இதே இடது வழியில்தான் ஏறுகிறது. நெய்ப்பொங்கல் சாப்பிட்ட பிறகு பார்க்க முடிந்தால் பாலாகத் தெரியும். 1622இல் மிலானில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர், சற்று முன் தீனி தின்ற ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது வெள்ளை இழைகளைக் கண்டார். நரம்பு என்று எண்ணி ஒன்றை வெட்ட, பால் போன்ற திரவம் வந்தது. பாவம் அந்த நாய்.

தெருவில் "யானைக்காலா?" என்று கேட்கிறார்களாமே. கேட்கட்டும். அடைபடுவது அதே குழாய்தான், காரணம் வேறு. அங்கே உச்செரேரியா என்ற புழு குழாய்க்குள்ளேயே குடியிருக்கிறது. அழுக்குத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைக் கொண்டுவருகிறது. கும்பகோணத்தில் நாம் சின்னவர்களாக இருந்தபோது ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்களே, ஞாபகமிருக்கிறதா? புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும், அதற்காகத்தான் அந்த நேரம். இலங்கையில் அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உன்னுடையது ஒட்டாது என்று தைரியமாகச் சொல்.

ஒன்றில் மட்டும் கவனம் வை. அந்தக் கையில் கீறலோ கொசுக்கடியோ பட்டால் சாதாரணமாக விடாதே. காவலுக்கு இருந்த முடிச்சுகள் இல்லை, தேங்கிய நீரில் கிருமி சுலபமாகப் பெருகும். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடு. கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. அதற்காகக் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளாதே. துணி மடி, பூக்கட்டு, விரலை மூடித் திற. தசை அசைந்தால்தான் நீர் நகரும்.

கம்ப்ரஷன் ஸ்லீவ், அதுதான் கையை அழுத்திப் பிடிக்கும் உறை, அளவெடுத்து வாங்கினாயா? மணிக்கட்டில் இறுக்கினால் அது தப்பான அளவு, மாற்றித்தரச் சொல். வாங்கியதும் எழுது. தை பிறந்ததும் நான் அங்கே வருகிறேன்.

அன்புடன்,
வசந்தா