பாரட் பிறந்தது 2024இல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வீடு, காணிப் பக்கத்தில் பிரித்தானியாவில் வீடு கட்டி விற்கும் பாரட் ரெட்ரோவை '2024இல் உருவான நிறுவனம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆண்டு பாரட் நிறுவனம் ரெட்ரோ என்ற இன்னொரு வீடு கட்டும் நிறுவனத்தை வாங்கியது; இரண்டு பெயரும் சேர்ந்த பெயர்ப்பலகைக்கு மட்டுமே அந்த வயது. நியூகாசிலில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு இது உறுத்துகிறது. பாரட்டைத் தொடங்கியவரும் இந்த ஊர்க் கணக்காளர்தான்.

1950களில் லாரி பாரட் வீடு வாங்கப் பார்த்தார். விலை கட்டுபடியாகவில்லை. தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார். கணக்காளர் அல்லவா, செலவைக் கூட்டிப் பார்த்தபோதே மற்றவர்கள் எவ்வளவு லாபம் வைக்கிறார்கள் என்று விளங்கியிருக்கும். 1958இல் லூயிஸ் கிரீன்சிட் என்ற கட்டடக்காரருடன் கூட்டுச் சேர்ந்தார். 1968இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். பிறகு கிரீன்சிட் விலகிக்கொண்டார்.

நான் இங்கே வந்த காலத்தில் தொலைக்காட்சியைத் திறந்தால் அவர்களுடைய ஹெலிகாப்டர் விளம்பரம்தான். பழைய வீட்டைக் கொடுத்துவிட்டுப் புதிய வீட்டுக்குப் போகலாம். முதல் வீடு வாங்கும் இளம் சோடிகளுக்குத் தளபாடத்தோடு சின்னஞ்சிறு வீடுகள். காட்சிக்கு வைத்திருந்த மாதிரி வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். என் மனைவி பிரிட்ஜின் கதவை மூன்று தரம் திறந்து மூடினார், 'இதுவும் நமக்கா?' என்றார். 1983இல் அவர்கள் விற்றவை 16,000 வீடுகளுக்கு மேல்.

அதே ஆண்டு கிரனாடா தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. மரச்சட்டம் வைத்துக் கட்டும் வீடுகளில் ஈரம் இறங்கினால் என்னவாகும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சின்ன வீடுகளைத் திருப்பி விற்க முடியாமல் நிற்பவர்களைப் பற்றி இன்னொன்று. விற்பனை படுத்துவிட்டது. நாங்களும் பயந்து, இரண்டு வருடம் வாடகை வீட்டிலேயே இருந்தோம். பார்த்த வீட்டில் ஒரு குறையும் நான் காணவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாரட் மரச்சட்டத்தைக் கைவிட்டது. வசதியுள்ளவர்களுக்கான பெரிய வீடுகளின் பக்கம் திரும்பியது. 1985இல் பிரதமர் தாட்சரே லண்டன் டல்விச்சில் ஒரு பாரட் வீடு வாங்கினார். அதைவிட நல்ல விளம்பரத்தை எந்த ஹெலிகாப்டரும் கொண்டுவந்திருக்காது!

லாரி பாரட் 1988இல் ஓய்வுபெற்றார். வீட்டுச் சந்தை விழுந்து நிறுவனம் நட்டத்தில் கிடந்தபோது, 1991இல் திரும்பி வந்து தூக்கி நிறுத்தினார்.

உங்கள் கட்டுரை 2007ஐத் தொடவே இல்லை. என் கண்ணுக்கு அதுதான் பேரேட்டிலேயே மோசமான பக்கம். வில்சன் போடன் என்ற இன்னொரு வீடு கட்டும் நிறுவனத்தை 220 கோடி பவுணுக்கு வாங்கினார்கள். மறு வருடமே சந்தை கவிழ்ந்தது. கழுத்தை நெரித்த கடனைக் குறைக்க 2009இல் பங்குதாரர்களிடம் 72 கோடி பவுண் திரட்டவேண்டி வந்தது. 2024இல் ரெட்ரோவை வாங்கும்போது காசாகக் கொடுக்காமல் தங்கள் பங்குகளையே கொடுத்தார்கள். பட்ட பாடு நினைவில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ரெட்ரோவும் நேற்று முளைத்ததல்ல. ஸ்டீவ் மோர்கன் தகப்பனிடம் 5,000 பவுண் கடன் வாங்கி 1974இல் தொடங்கியது.

திருத்தம் போடுவதானால் 1958, 1974 என்ற இரண்டு ஆண்டுகளையும் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர்,
நியூகாசில்