பிலிம் சுருள்களுக்குச் சென்னையில் ஒரு குளிர்க் கிடங்கு: செய்தித்துறை அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் சினிமா பிலிமைக் கழுவிப் பிரதி எடுக்கும் ஒரு லேபில், படத்தின் மூலச் சுருளான நெகட்டிவை வெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் புறநகரில் ஒரு கிடங்கைக் காலி செய்தபோது, உள்ளே இருந்த பிலிம் டப்பாக்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். டிஜிட்டல் வந்து லேப்கள் மூடியபின் நெகட்டிவ்கள் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்பது தாங்கள் அறிந்ததே. அதனால் நேராகவே கேட்கிறேன்: சென்னையில் அரசு ஒரு குளிர்க் கிடங்கு கட்ட வேண்டும்.

கடைக்குப் போகாமல் தப்பிய டப்பாக்களில், காலமான ஒரு தயாரிப்பாளரின் ஒரே படமும் இருந்தது. அவருடைய மகள் என்னைக் கூட்டிப்போனார். மூடியைத் திறந்ததுமே காடி நெடி கண்ணை எரித்தது. பிலிம் சுருங்கி, நெளிந்து, சுற்றுக்குச் சுற்று ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகப் பிரித்தாலும் மேலிருந்த பூச்சு உரிந்து வந்தது. அந்தப் பூச்சில்தான் படமே இருக்கிறது. "ஒரு பாட்டையாவது காப்பாத்த முடியுமாண்ணே?" என்று கேட்டார். அடுத்த டப்பா, அதற்கடுத்த டப்பா என்று எல்லாவற்றையும் திறந்தோம். ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடி நெடிக்குக் காரணமான அமிலத்தை, கக்கும். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். சென்னை வெயிலும் கடல்காற்றும் அதற்குப் போதும். ஈரம் குறைந்த குளிரில் வைத்தால் இதே பிலிம் பல பத்தாண்டுகள் தாங்கும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நிஜ செல்லுலாய்டுக்கோ தனி அறையே வேண்டும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்த அந்தப் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் படங்கள் இருந்த பிலிம் கிடங்கு தீப்பிடித்து எத்தனை பழைய படங்கள் போயின என்பதைத் துறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. நடிகை டி.பி. ராஜலட்சுமி இயக்கிய 'மிஸ் கமலா' இல்லை. இன்னும் எத்தனையை இப்படி இழக்கப் போகிறோம்? திரையிலிருந்து முதலமைச்சர்களை அனுப்பிய மாநிலம் இது. நினைவு மண்டபத்துக்குப் பணம் இருக்கிறது, விருது விழாவுக்குப் பணம் இருக்கிறது, படச்சுருளை வைக்க மட்டும் ஓர் அறை இல்லையா? திரைத்துறைச் சங்கங்களும் தங்கள் தேர்தல் நேரத்தில் காட்டும் வேகத்தில் பாதியைக்கூட இதில் காட்டவில்லை. "அதான் யூடியூபில் இருக்கே சார்" என்று ஓர் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்த மங்கல் நகல். நெகட்டிவ் போனால் அதைவிட நல்ல நகல் ஒருநாளும் கிடைக்காது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கோரிக்கை அதேதான்: இந்த நிதியாண்டிலேயே குளிர்க் கிடங்குக்கு இடமும் நிதியும் ஒதுக்குங்கள். அதுவரை, துறைக்குத் தெரிவிக்காமல் எந்தக் கிடங்கும் பிலிமை எடைக்குப் போடக்கூடாது என்று ஓர் உத்தரவாவது போடுங்கள். டப்பாக்களைத் திறந்து, முகர்ந்து, தரம் பிரிக்கத் தெரிந்த லேப் ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் தொழிலாளி, சென்னை