ஷாலரைட்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஃபிராங்ளின் துத்தநாகச் சுரங்கத்தின் கனிமங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஷாலரைட் என்ற கனிமத்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் அதை ‘ஆர்சனிக் மாசு கலந்த மாங்கனீசுக் கல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில், மாணவர்கள் கனிமத் துண்டுகளைப் பொடித்து நிறம் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி ஒன்றின் நிலவியல் ஆய்வகத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இப்போது நியூ ஜெர்சியில் மகளோடு இருக்கிறேன். ஃபிராங்ளினும் பக்கத்திலுள்ள இன்னொரு சுரங்க ஊரான ஆக்டன்ஸ்பர்கும் இங்கிருந்து காரில் போய் வருகிற தூரம்தான்.

மாசு என்றால், அதை நீக்கினாலும் கல் அதே கல்லாக இருக்க வேண்டும். ஷாலரைட் அப்படி இல்லை. 16 மாங்கனீசு அணுக்களுக்கு 12 சிலிக்கான் அணுக்கள், 3 ஆர்சனிக் அணுக்கள் என்பது அதன் கணக்கு. எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம். மாங்கனீசும், சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கேட்டும் அடுக்கடுக்காக அமைந்த கல் அது. அந்த அமைப்புக்குள் ஆர்சனிக் ஆக்சிஜனோடு கைகோத்துத் தனக்கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுக்குக் கல் என்பதால் ஒரே திசையில் சுத்தமாகப் பிளக்கும். நிறம் வெளிர் பழுப்பு, சில துண்டுகளில் கொஞ்சம் செம்மை. 1925-இல் கேஜ், லார்சன், வாசர் ஆகிய மூவரும் இதை முதன்முதலாக விவரித்து, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் கனிமவியலாளர் வால்டமர் ஷாலரின் பெயரைச் சூட்டினார்கள்.

இது ஏன் ஃபிராங்ளினில் கிடைத்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஆர்சனிக் என்றதும் சித்த மருத்துவக் கனிமங்களான மனோசிலையும் தாளகமும் நம் நினைவுக்கு வரும். இரண்டிலும் ஆர்சனிக் கந்தகத்தோடு சேர்ந்திருக்கிறது. பெரும்பாலான சுரங்கங்களிலும் அதே கதைதான். துத்தநாகத்துக்கும் கந்தகம்தான் வழக்கமான கூட்டாளி. ஃபிராங்ளினிலோ துத்தநாகம் ஃபிராங்ளினைட், வில்லமைட், சிங்கைட் என்று ஆக்சைடாகவும் சிலிக்கேட்டாகவும் கிடைத்தது. 100 கோடி ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புப் பாறை ஆழத்தில் வெந்து பளிங்காகியபோது இந்தத் தாதுவும் கூடவே வெந்தது. கந்தகம் அங்கே அரிது, மாங்கனீசோ ஏராளம். அப்புறம் அந்தத் தாதுவைக் குறுக்கே வெட்டிப் போன நாளங்களில், அதாவது வெடிப்புகளில் கனிமம் படிந்த கோடுகளில், ஆர்சனிக் ஆக்சிஜனையும் மாங்கனீசையும் சிலிக்காவையும் பிடித்துக்கொண்டது. அந்த நாளங்களில்தான் ஷாலரைட் கிடைத்தது. ஸ்வீடனின் லாங்பான் சுரங்கத்திலும் மாங்கனீசு நிறைய உண்டு. அங்கே கிடைத்த டிக்ஸனைட் என்ற கனிமத்திலும் மாங்கனீசு, ஆர்சனிக், சிலிக்கேட் மூன்றும் இருக்கின்றன. இத்தாலியின் மொலினெல்லோ சுரங்கத்தில் கிடைத்து 1980-இல் விவரிக்கப்பட்ட டிராகல்லோயிட் இன்னும் அபூர்வம். அதில் சிலிக்கான் கண்ணிகளின் சங்கிலியிலேயே ஆர்சனிக்கும் ஒரு கண்ணி. இதையெல்லாம் மாசு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஃபிராங்ளின் சுரங்கத்தை 1954-இல் மூடிவிட்டார்கள். இன்று கைமாறுவதெல்லாம் பெரும்பாலும் பழைய சேகரிப்புகள்தான். அதனால் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். நானே ஏமாந்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் ‘ஷாலரைட்’ என்று சீட்டு ஒட்டிய ஒரு துண்டை வாங்கி வந்தேன். வேறு கல் ஒட்டாத சுத்தமான துண்டு, புளியங்கொட்டை நிறம். வீட்டில் சின்னத் தராசில் வைத்தேன், 12.2 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன், 8.2 கிராம். தண்ணீரில் குறைந்த எடை 4 கிராம். 12.2-ஐ அந்த 4-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்ற எண், 3.05. ஷாலரைட் என்றால் 3.37 பக்கத்தில் வந்திருக்க வேண்டும். என் கையில் இருந்தது ஃபிரிடலைட். அதே குடும்பம், அதே பழுப்பு, அதே பிளவு, ஆனால் ஆர்சனிக்குக்கு அங்கே இடமில்லை. நூலை அவிழ்க்காமல் மூன்று தடவை எடை போட்டுப் பார்த்தேன், எண் மாறவில்லை. கண்ணால் பிரிக்க முடியாததை ஒரு டம்ளர் தண்ணீர் பிரித்துக் காட்டியது.

மாணவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். துண்டு உடையாது, தூசியும் பறக்காது. ஷாலரைட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதால் ஆபத்து இல்லை, அப்புறம் கை கழுவினால் போதும். பொடிக்கக் கூடாது, நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, சுடவே கூடாது. எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர்கள் ஆர்சனிக் தாதுக்களைக் கரியில் வைத்து ஊதுகுழலால் சுடுவார்கள். பூண்டு வாசம் வந்தால் ஆர்சனிக் என்று எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். மூக்கில் ஏறிய அந்த வாசம்தான் விஷம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், பொடிக்க வேண்டாம் என்ற வரியையாவது கட்டம் கட்டிப் போடுங்கள். கட்டுரையை வெட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் கண்ணில் அது பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
நியூ ஜெர்சி