பெயர் கேட்க மறந்த தம்பிக்கு

பல் மருத்துவமனை வாசலில் பல்செட்டுக்கான செலவுச் சீட்டைத் திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த கிழவன் நான்தான், தம்பி. என் பென்ஷனுக்கு எட்டாத தொகை.

நான் வாய் திறக்கவில்லை. நீங்களாகவே வந்து, சீட்டின் பின்புறம் பல் மருத்துவக் கல்லூரிக்கு வழி எழுதினீர்கள். "மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் சரிபார்ப்பார். பல தடவை அலைய வேண்டும், ஆனால் செலவு குறைவு" என்றீர்கள்.

அலைந்தேன். அச்சு எடுத்தார்கள், மெழுகில் பல் அடுக்கிக் கடிக்கச் சொன்னார்கள், பிறகு அக்ரிலிக் பல்செட் வந்தது. ஈறு புண்ணானபோது உரசிய இடத்தைத் தேய்த்தும் கொடுத்தார்கள். இரவில் அது தண்ணீர்க் கிண்ணத்தில் சிரிக்கிறது. (மனைவிக்குத்தான் பயம்.)

இது உங்கள் கண்ணில் பட வேண்டும். நேற்று பேத்தியின் பெயரை விசில் வராமல் கூப்பிட்டேன்.