பெட்டிக்குள் போன பாஸ்போர்ட்

ஐயா,

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற மாதம் மகனோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் சொகுசுக் கப்பலில் போய் வந்தேன். பயண முகவர் ‘ஆதார் போதும் அம்மா’ என்றார். நாடு விட்டு நாடு போகையில் ஆதார் எதற்கு ஆகும்? நல்லவேளை, மகன் நம்பவில்லை.

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் என்றால் சிக்கல்தான். கப்பல் திரும்பும்போது மறுபடியும் அந்நாட்டுக்குள் நுழைகிறோமே! மலேசியாவுக்கான மின்னணு வருகை அட்டையையும் முன்கூட்டியே நிரப்பியாக வேண்டும்.

இன்னொரு தொல்லை நம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, டிக்கெட்டிலோ ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து. துறைமுகக் கவுன்ட்டரில் அந்தப் பெண் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

அதைவிடக் கூத்து, எங்களுக்கு முன்னால் நின்ற கோயம்புத்தூர்த் தம்பதி. பெரிய பெட்டியைச் சுமைக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள், பாஸ்போர்ட் அதற்குள்! அந்தப் பெட்டி இனி கப்பலில் அவர்கள் அறைவாசலுக்குத்தான் வரும். அதைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா கணவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நான் பாஸ்போர்ட்டைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தேன். மகன் சிரித்தான், சிரிக்கட்டும்.

— ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்