கேட் திறந்ததும் ஓடுகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு. தஞ்சாவூர் - திருவாரூர் சாலையில் போய் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட் போட்டதும் பஸ்ஸை விட்டு இறங்கி, "அக்கா, அஞ்சு நிமிஷம்" என்று வந்து உட்காருகிறவர்கள்தான் எனக்குப் பாதி வியாபாரம். ஃபேஸ்புக் பார்ப்பார்கள், மெயிலில் வந்த ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுப்பார்கள். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டால் போதும், காசை மேஜையில் வைத்துவிட்டு ஓட்டம்தான். கணக்கு திறந்தபடியே கிடக்கும்.

உங்கள் நாளிதழில் இணைய மோசடிச் செய்தி வராத நாளில்லை. 1930 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள் என்று எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் நான் பார்க்கும் வில்லங்கத்தில் திருடன் யாரும் கிடையாது. ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிறார், அவ்வளவுதான்.

ஒரு சம்பா பருவத்தில், பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், சிட்டா, பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்ய வந்த பெரியவர், காத்திருந்த நேரத்தில் ஃபேஸ்புக்கில் ஒரு வரி போட்டார்: "எங்கள் பெரியப்பா இன்று காலை காலமானார்." திறந்திருந்தது அவர் கணக்கு இல்லை, சற்று முன் எழுந்து போன கல்லூரிப் பையனுடையது. அந்தப் பையனுக்கு மூன்று பெரியப்பா. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எந்தப் பெரியப்பா என்று தெரியாமல் மூன்று வீட்டுக்கும் போன் போட்டிருக்கிறார்கள். ஒரு பெரியப்பா தானே எடுத்துப் பேசினாராம். இன்றைக்குச் சிரிக்கலாம், அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஜன்னலை மூடிவிட்டால் வெளியே வந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். இல்லை. கரண்ட் போய் வந்தாலும் பல கணக்குகள் அப்படியேதான் இருக்கும். ஃபேஸ்புக்கில் பாஸ்வேர்டை நினைவில் வைக்கட்டுமா என்று கேட்கும்போது 'சரி' தட்டினால், முதல் பக்கத்தில் உங்கள் படம் நின்றுவிடும். அப்புறம் அதை யார் தொட்டாலும் உள்ளே போகலாம். ஜிமெயிலில் இன்னொரு கணக்கைச் சேர்த்தால் முதல் கணக்கு வெளியேறாது, இரண்டும் சேர்ந்தே இருக்கும். மேலே வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைப் பார்க்காமல் அனுப்பினால் உங்கள் விண்ணப்பம் யார் பெயரிலாவது போகும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வாட்ஸ்அப்தான். ஆதார் நகல் எடுக்க வேண்டும், அது போனில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வரும் க்யூஆர் கட்டத்தைப் போனால் ஸ்கேன் செய்கிறார்கள், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போனை அவர் பையில் வைத்து மன்னார்குடி போய்ச் சேர்ந்த பிறகும் அவர் வீட்டுப் பேச்சு என் கடைத் திரையில் வந்துகொண்டே இருக்கும். தானாக அறுந்துவிடும் என்று நம்பாதீர்கள். 14 நாளுக்கு மேல் போனையே பயன்படுத்தாமல் இருந்தால்தான் அறும், யார் அப்படி இருக்கப் போகிறார்கள்? போனில் வாட்ஸ்அப்பின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு வெளியேற்றிவிடலாம். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஃபேஸ்புக்கிலும் எங்கெங்கே உள்நுழைந்திருக்கிறோம் என்று காட்டும் பட்டியல் அமைப்புகளில் இருக்கிறது.

"அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். சொந்த லேப்டாப் உள்ளவர்கள் சொல்கிற பேச்சு அது. போனின் சின்னத் திரையில் அரசு விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தால் தெரியும்.

என் கடையில் இப்போது குரோமில் 'விருந்தினர்' (Guest) ஜன்னலைத்தான் திறந்து கொடுக்கிறேன். அதை மூடியதும் உள்ளே திறந்த கணக்கு எதுவும் மிஞ்சாது, இறக்கி வைத்த கோப்புகள் மட்டும் கிடக்கும். மறைநிலை (Incognito) ஜன்னலும் உதவும், ஆனால் இரண்டு வகையிலும் ஒரு சிக்கல்: ஒரே வகையில் இரண்டு ஜன்னல் திறந்தாலும் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். கீழே சுருக்கி வைத்த ஒன்றை மூட மறந்தால், அடுத்து வருகிறவர் முந்தையவர் கணக்கில்தான் போய் உட்காருவார். ஒவ்வொருவர் எழுந்ததும் எல்லாவற்றையும் நானே மூடுகிறேன்.

நூலகங்களிலும் பள்ளிகளிலும் பொதுமக்களும் பிள்ளைகளும் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டர்களில் இப்படி ஒவ்வொரு முறையும் நின்று மூட ஆள் இருக்காது. எல்லா ஜன்னலையும் மூடியதும் தளங்களின் தகவலைத் தானே அழித்துவிடும் வசதி குரோம் அமைப்புகளிலேயே இருக்கிறது. ஒருமுறை மாற்றி வைத்தால் போதும், செலவு ஒன்றுமில்லை. அங்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர்கள் கண்ணில் படும்படி இதைப் பிரசுரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி,
நீடாமங்கலம்